வரைபடத்தை மடித்து வையுங்கள்

ஸ்காட்லாந்தின் லூயிஸ், ஹாரிஸ் பகுதிகளின் ஊர் வரலாற்றுச் சங்கத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ஊர்களின் கேலிக் மொழி இடப்பெயர் திரட்டக் கிளம்பும்போது, பெரியவர்கள் முன் வரைபடத்தை முதலில் விரிக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் அரசின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேக்காரர்கள் மைலுக்கு 6 அங்குலக் கணக்கில் போட்ட தாள்களின் எழுத்துக்கூட்டல் கண்ணில் பட்டால், வீட்டில் கேட்டு வளர்ந்த உச்சரிப்பை விட்டு அச்சில் இருப்பதையே வாசித்துவிடுவார்கள்.

பெயரைத் தனியாக இருமுறை சொல்லச் சொல்லுங்கள். பிறகு பேச்சுவாக்கில் வரவழையுங்கள்: "அடுப்பெரிக்கச் சதுப்பில் பீட் கரி வெட்ட எங்கே போவீர்கள்?" என்று கேட்டாலே போதும். கேலிக்கில் வேற்றுமைக்கேற்பச் சொல்லின் முதலெழுத்தே மாறும். ஆலை 'முலன்', ஆலை ஓடையோ 'அவுல்ட் அ வுலின்'. 'வுலின்' என்று மட்டும் குறித்துவந்தால் அகராதியில் 'வ'வைத் தேடி அலைவீர்கள்.

அழுத்தத்தையும் குறியுங்கள். 'பேய்ன் வோர்' (பெரிய மலை) போன்ற கேலிக் பெயரில் அது பின்சொல்லில் விழும். ஹாரிஸின் 'ரொன்யவல்' என்ற மலைப்பெயரோ முதலசையில் அழுந்தும். அது ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் விட்டுப்போன நார்ஸ் மொழிப் பெயர், 'வல்' என்றால் அவர்கள் பேச்சில் மலை. அதற்குக் கேலிக் பொருள் தேடினால் கதைதான் மிஞ்சும். 'லங்கவட்' நார்ஸில் 'நீண்ட ஏரி'. அதன்முன் கேலிக்கில் ஏரியைக் குறிக்கும் 'லொக்'கையும் சேர்த்து 'லொக் லங்கவட்' ஆக்கிவிட்டார்கள். நம் 'நடு சென்டர்' மாதிரிதான்.

வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் ஆறிலக்கக் கட்ட எண் 100 மீட்டர் சதுரத்தைத்தான் காட்டும். கரையோரப் பாறைகளில் அதற்குள்ளேயே நாலு பெயர் இருக்கலாம். எட்டிலக்கம் எழுதினால் 10 மீட்டருக்குள் வந்துவிடும். ஓடைக்குத் தொடக்கம், முடிவு இரண்டும் வேண்டும். ஒலிப்பதிவு வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக்குக்கு ரோம உறை கட்டாயம்; காற்று இரைந்தால் மெல்லிய கடைசி மெய்யொலி காணாமல் போகும்.

பொருள் கடைசியில். சொன்னவர் தந்த விளக்கம் படிவத்தின் ஒரு கட்டத்தில், உங்கள் ஊகம் வேறு கட்டத்தில். 'கொரொம்' என்றால் நீலம் என எழுதிவிடாதீர்கள், புல்சரிவில் அது பச்சை. கூச்சப்பட்டு எதையும் மாற்றவும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம் மலைகளில் ஆங்கிலத்தார் 'டெவில்ஸ் பாயின்ட்' என்னும் சிகரத்தின் கேலிக் பெயருக்கு 'பேயின் ஆண்குறி' என்றுதான் பொருள். விளங்காத பெயருக்குக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஒலி பத்திரமாக இருந்தால் பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார். பதிவின் ஒரு பிரதி சொன்னவர் வீட்டிலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடப்பெயர் திரட்டுவோர் சிலர்