டயருக்குள் அடைபட்ட காற்று

அன்புள்ள மாரி,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டானா! இனி உன் வீட்டில் எதையும் தரையில் வைக்க முடியாது, போ. இங்கே எல்லோரும் நலம்.

எலக்ட்ரிக் கார் வாங்கியதிலிருந்து ரோட்டுச் சத்தம் காதைக் குடைகிறது என்று எழுதியிருந்தாய். உன் பழைய டீசல் வண்டியிலும் அது இருந்தது. இன்ஜின் இரைச்சல் அதை மேலே வரவிடவில்லை, அவ்வளவுதான்.

கடைக்காரர் கதவு, தரை எல்லாம் டேம்பிங் ஷீட் ஒட்டச் சொல்கிறாராமே. அவசரப்படாதே. மெல்லிய தகடு அதிர்ந்தால் அதை அந்த ஷீட் அடக்கும். உன் தொல்லை வேறு மாதிரி தெரிகிறது. 'ஸ்ஸ்' என்று வருவது கண்ணாடி, கதவு ரப்பர் வழியாகக் காற்றில் வரும் சத்தம். நீ சொல்வதோ ஜல்லி துருத்திய ரோட்டில் 'ம்ம்ம்', பாலத்து ஜாயின்டில் ஏறி இறங்கினால் வெறும் பீப்பாயைத் தட்டியதுபோல் 'டொங்'. அது டயருக்குள் வளையமாக அடைபட்டிருக்கும் காற்று ஒலிப்பது. கார் டயரில் பெரும்பாலும் 200 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகளாக வரும். வீல், சஸ்பென்ஷன், அதன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் என்று பாகங்கள் வழியாகவே ஏறிப் பாடிக்குள் நுழைகிறது. கதவில் ஷீட் ஒட்டி அதைத் தடுப்பது கஷ்டம்.

பங்க்சர் கடையில் காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். கேட்காதே. குறைத்தால் குலுக்கல் கொஞ்சம் மெத்தென்று ஆகலாம், ஆனால் அந்த 'டொங்'கின் சுருதி இறங்காது. காற்றில் ஒலி போகும் வேகம் அழுத்தத்தைப் பொறுத்து மாறுவதில்லையே. நைட்ரஜன் அடித்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். உள்ளே ஃபோம் ஒட்டிய டயர் இதற்கென்றே வருகிறது. நல்ல பலன் தரும். என்ன, பங்க்சர் ஆனால் ஃபோமைச் சுரண்டித்தான் ஒட்டுப்போட வேண்டும்.

போனில் டெசிபல் ஆப் வைத்து அளந்தேன், எண் குறைவாகத்தான் காட்டுகிறது என்றும் எழுதியிருந்தாய். அந்த ஆப்களில் பல டிபிஏ கணக்கில், அதாவது காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த சத்தங்களைக் குறைத்து எண்ணும் கணக்கில் காட்டுபவை. அந்தக் கணக்கு 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சத்தத்தில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். தலை கனக்க வைக்கும் அடித்தொண்டை முழக்கம் அதில் எங்கே தெரியும்? அதில் உன் காதைத்தான் நம்புவேன்.

அப்புறம், நூறைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றாயே, அது தனி. அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பதினான்கு, பதினைந்து சுற்று சுற்றும். சஸ்பென்ஷனில் சக்கரம் தானாகத் துள்ளும் வேகமும் கிட்டத்தட்ட அதுவே. முதலில் வீல் பேலன்சிங் பார். வளைவில் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் பேரிங்கையும் பார்க்கச் சொல்.

டயர் அளவையும், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் பிரஷர் எண்ணையும் எழுதி அனுப்பு. ஃபோம் டயர் அந்த அளவில் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.

அன்புடன்,
சேகர்