தாளிப்பதற்கு முன் ஒரு கைப்பிடி

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுச்சூழல் மன்றத்தில் இந்தப் பருவத்துக்கு ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வீட்டில் மிஞ்சும் உணவை வைத்து நாய்க்குத் தின்பண்டம் செய்வதுதான் அது. சென்ற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னதும் சிலர் ஆர்வமாகச் செய்முறை கேட்டீர்கள். சிலர், "மிஞ்சினதைத் தூக்கிப் போட்டா நாய் தின்னுட்டுப் போகுது, இதுக்கு ஒரு பயிற்சியா டீச்சர்?" என்றீர்கள். நியாயமான கேள்விதான். கூட்டத்தில் விரிவாகப் பேச நேரம் இல்லை, அதனால் இந்தக் கடிதம்.

நம் வீடுகளில் மிஞ்சியது என்றால் பெரும்பாலும் தட்டில் மிஞ்சியது. சாம்பார் ஊற்றிப் பிசைந்த சோறு, குருமா ஒட்டிய சப்பாத்தி, பிரியாணிச் சட்டியின் அடி, கடித்துப் போட்ட கோழி எலும்பு. இவற்றில் எதுவுமே நாய்க்கு ஏற்றதல்ல. சோற்றிலும் கோழியிலும் குறை இல்லை. அவற்றோடு சேர்ந்த வெங்காயம், பூண்டு, புளி, உப்பு, எண்ணெய்தான் சிக்கல். அதனால் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்: நாய்க்கு வேண்டியதைத் தாளிப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். சோறு வடித்ததும் ஒரு கைப்பிடி. காய் வெந்ததும், மசாலா போடும் முன், நாலு துண்டு. கறியைச் சுத்தம் செய்யும்போது ஒதுக்கி வைக்கும் துணுக்கு. கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. எடுக்கும் நேரம்தான் மாறுகிறது.

வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் இதை நம்ப மறுக்கிறார்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக அரைத்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் வெங்காயம் உள்ளே போனால் பாதிப்பு வரும் என்பது கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படும் கணக்கு. 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம்தான். சிறியதாக ஒரு பல்லாரி வெங்காயம், அவ்வளவே. விசேஷ வீட்டில் பிரியாணி அண்டாவைக் கழுவும் முன் அடியை வழித்துப் போட்டால் அந்த அளவு சுலபமாக வந்துவிடும். பூண்டு இதைவிடக் கடுமை. கெடுதல் அன்றைக்கே வெளியே தெரியாது என்பதுதான் கவலை. நாலைந்து நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுத்துப் போகும், சிறுநீர் பழுப்பாக வரும். அதற்குள் அந்தப் பிரியாணியை எல்லோரும் மறந்திருப்போம். வெயிலுக்குச் சுருண்டு கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

அடுத்தது புளி. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது வெகுநாளாகத் தெரிந்ததுதான். அதில் எந்தப் பொருள் கெடுக்கிறது என்பது மட்டும் பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். புளியிலும் அதே அமிலம் நிறைய இருக்கிறது. அதனால் ரசம் சோறு, புளியோதரை, காரக்குழம்பு எதுவும் நாய்க்கு வேண்டாம். கேசரி, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சையும் அப்படித்தான்.

"எங்க வீட்டு மணி பத்து வருஷமா ரசஞ்சோறுதான் தின்னுச்சு, நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. நீர்த்த ரசத்தில் புளி கொஞ்சம், நாயும் பெரியது என்றால் வெளிப்படையாக ஒன்றும் நடக்காமல் போகலாம். திராட்சை விஷயத்தில் எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது, ஒன்றுக்கு ஒன்று வேறுபடும். தாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு உயிருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

பிறந்தநாள் சாக்லேட்டைப் பிள்ளைகள் நாயோடு பங்கு போட்டுத் தின்பதை நானே வாசலில் பார்த்திருக்கிறேன். அன்பில் செய்வதுதான். ஆனால் கோகோவில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலில் இருந்து சீக்கிரம் வெளியேறாது. நெஞ்சுத் துடிப்பு கூடும், வலிப்பும் வரலாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய்களில் சேர்க்கும் சைலிடால் இன்னும் மோசம், நாயின் ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென்று இறக்கிவிடும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் உப்பு. புளித்துக் கொண்டிருக்கும் இட்லி மாவு, பிசைந்து வைத்த பச்சை மாவு ஆகியவற்றையும் வைக்க வேண்டாம். வயிற்றுக்குள் போய் மேலும் பொங்கும்.

இனிச் செய்முறை. அடுப்பு, தோசைக்கல், இட்லிப் பானை இருந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது சோற்று பிஸ்கட். உப்புப் போடாத சோறு ஒரு கிண்ணம் எடுத்துக் கையால் நன்றாக மசிக்க வேண்டும். பருக்கை பருக்கையாக இருந்தால் பிறகு உதிரும். அதில் வேகவைத்து மசித்த பரங்கிக்காயோ கேரட்டோ அரைக் கிண்ணம், ஒரு முட்டை, அப்புறம் கேழ்வரகு மாவு. மாவை ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். கையில் ஒட்டாமல் உருட்ட வரும்போது நிறுத்திவிடலாம். கொட்டைப்பாக்கு அளவு உருட்டி, கட்டை விரலால் அமுக்கித் தட்டையாக்கி, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி போட்டு வேகவிடுங்கள். அடிப்பக்கம் லேசாகச் சிவந்து, தானாகக் கல்லை விட்டு நகர்ந்தால் திருப்பிப் போடலாம். தீயைக் கூட்டினால் மேலே கருகும், உள்ளே மாவு பச்சையாக நிற்கும். இரண்டு பக்கமும் வெந்த பின் அடுப்பை அணைத்துவிட்டு, கல்லின் சூட்டிலேயே விட்டுவிடுங்கள். ஆறும்போது இறுகும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் ஈரம் இருந்தால் இன்னொரு முறை சூடு காட்ட வேண்டும். வயதான நாய், பல் விழுந்த நாய் என்றால் அதே மாவை இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வேகவைத்தால் மெத்தென்று இருக்கும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கும் நாளில் இரண்டு துண்டு கூடுதலாக அவித்து வையுங்கள். விரல் கனத்துக்கு நீளவாக்கில் அரிந்து, வடகம் காய வைப்பது போல வெள்ளைத் துணியில் பரப்பி மொட்டை மாடியில் காயவைத்தால், நாலைந்து வெயிலில் தோல் வார் மாதிரி இழுபடும். நாய் அதை நெடுநேரம் கடித்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் இதைச் செய்ய வேண்டாம், உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

மிஞ்சிய சப்பாத்தி, குழம்பு படாததாக இருந்தால், கீற்றுகளாக வெட்டிக் கல்லில் மொறுமொறுப்பாக வாட்டினாலே போதும். கறிக்கடையில் கோழி வாங்கும்போது ஈரலைத் தனியாகக் கேட்டு வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்துப் பொடியாக நறுக்கிப் பிஸ்கட் மாவில் சேர்க்கலாம். ஈரல் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். எலும்பு மட்டும் கூடவே கூடாது. வெந்த கோழி எலும்பு கடித்தால் கூர்மையாகப் பிளக்கும், தொண்டையிலோ குடலிலோ குத்தி நிற்கும். சதையை உருவி வைத்துவிட்டு எலும்பைக் குப்பைக்கு அனுப்புங்கள். கத்திரி வெயிலில், உப்பில்லாத தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, துருவிய கேரட் தூவி, ஐஸ் தட்டில் உறைய வைத்தால் நாய்க்கு அது பெரிய விருந்து. சில நாய்களுக்குப் பால் சார்ந்தவை ஒத்துக்கொள்ளாது, முதலில் ஒரு கட்டி மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

கடையில் விற்கும் நாய் பிஸ்கட்டுக்கு 1860 வாக்கில் லண்டனில் வழிபோட்டவர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர். கோதுமை, காய்கறி, பீட்ரூட், உப்பில்லாத உலர் மாட்டிறைச்சி ஆகியவைதான் அவருடைய கலவை என்று சொல்லப்படுகிறது. நம் சமையலறையில் செய்வதும் ஏறக்குறைய அதேதான். இதைச் சொன்னதும் எட்டாம் வகுப்பில் ஒரே உற்சாகம்.

செய்த பிஸ்கட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஊசிப்போன சோற்றையும் நாய் தின்னும், வாலை ஆட்டிக்கொண்டே தின்னும். அது தின்கிறது என்பதால் அது நல்லது என்றாகிவிடாது. நம் மூக்குக்கு ஆகாதது நாய்க்கும் வேண்டாம்.

அளவு என்று ஒன்று உண்டு. தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைய உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாளுக்குச் சுமார் 800 கலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், தின்பண்டத்துக்கு 80 கலோரி. ஒரு அவித்த முட்டையில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தங்கள் நாயின் எடையை வைத்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறினால் எடை கிடைத்துவிடும். பெரிய நாய் என்றால் பெரியவர்கள் யாராவது தூக்குங்கள்.

சத்துணவு முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் சிலர் முட்டையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் நாய்க்கு வைப்பதாகத் தெரிகிறது. அந்த முட்டை குழந்தையின் வளர்ச்சிக்காகக் கொடுக்கப்படுவது. வகுப்பில் நாங்கள் சொல்லிவிட்டோம், நீங்களும் வீட்டில் சொல்லுங்கள். மஞ்சள் கரு பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும், சமையலர் அம்மாவிடம் பேசி வேறு விதமாகச் செய்யப் பார்க்கிறோம்.

பள்ளி வாசலில் யாரும் நாய்க்குச் சோறு வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளே, குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளித்தான் உணவிடும் இடம் இருக்க வேண்டும் என்கின்றன. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கையில் டிபன் டப்பாவோடு வரும் வழி இது. இந்தப் பிஸ்கட் உங்கள் வீட்டு நாய்க்கும், உங்கள் தெருவில் தடுப்பூசி போட்டு, பெரியவர்கள் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்ளும் நாய்க்கும் மட்டும்தான். தெரியாத நாயின் பக்கம் பிள்ளைகள் போக வேண்டாம். தெரிந்த நாய் என்றாலும் கையில் வைத்து நீட்டாமல், ஒரு இலையில் வைத்துவிட்டு விலகி நிற்கட்டும். தின்று கொண்டிருக்கும்போதும் குட்டியோடு படுத்திருக்கும்போதும் தொடக் கூடாது.

இதையும் மீறி நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, பிள்ளைகள் அதை மறைக்கிறார்கள். அடி விழும் என்ற பயம்தான் காரணம். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வெறிநோய் வந்த பின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம், வராமல் தடுப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஆகவே தயவுசெய்து, எதைச் சொன்னாலும் அடிக்க மாட்டோம் என்று இன்றைக்கே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, கட்டும் போடக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள், தடுப்பூசி இலவசம். தோலில் போடும் ஊசி என்றால் முதல் நாள், அப்புறம் மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று வரும். காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள்.

வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இன்னும் போடவில்லை என்றால் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதை ஒட்டிப் பல ஊர்களில் முகாம் நடக்கும்.

மாவு பிசைவதும் உருட்டுவதும் பிள்ளைகளின் வேலை. அடுப்பு பெரியவர்களுடையது. கல்லின் பக்கத்தில் நீங்கள் யாராவது ஒருவர் நிற்க வேண்டும். வீட்டில் நாய் இல்லாத பிள்ளைகள், அவர்கள் வீட்டில் ஒரு வாரம் மிஞ்சிய உணவைக் குறித்து, அதில் எது நாய்க்கு ஆகும், எது ஆகாது, ஏன் என்று எழுதி வந்தால் போதும். நாய் வாங்கித் தரச் சொல்லி உங்களை நச்சரித்தால், நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். நாய்க்குப் பயப்படும் பிள்ளையையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

இத்துடன் ஒரு ஒப்புதல் சீட்டு இணைத்திருக்கிறேன். வீட்டில் நாய் உண்டா, தடுப்பூசி எப்போது போட்டீர்கள், பிள்ளைக்கு உணவு ஒவ்வாமை ஏதாவது உண்டா என்ற மூன்று கேள்விகள் அதில் உள்ளன. பதில் எழுதிக் கையெழுத்திட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் மாலை நான்கரை மணிக்கு மேல் நேரில் வந்து சொன்னாலும் சரி, நான் அலுவலக அறையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்