போஹூஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனது நிம்மதியானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு கோத்தன்பர்க் வேலை பழகிவிட்டது. பேத்தி வெளியில் ஸ்வீடிஷ் பேசிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் என்னோடு தமிழில் சண்டை போடுகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை என்றால் நீ சோறு தண்ணீர் மறப்பவன். அதனால் இதை உனக்குத்தான் முதலில் எழுதவேண்டும் என்று தோன்றியது. போன வாரம் குங்கெல்வ் என்ற சின்ன ஊருக்குப் போய் வந்தோம். கோத்தன்பர்க்கிலிருந்து வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர், பேருந்திலேயே போய்விடலாம். பெரிய யோத்தா ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தெற்கே கோத்தன்பர்க் துறைமுகத்துக்கும், இன்னொன்று நூர்த்ரெ என்ற பெயரில் மேற்கே கடலுக்கும் போகிறது. ஆறு பிரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாறை மேடு. அதன்மேல் போஹூஸ் கோட்டை.

இன்றைக்கு அது ஸ்வீடன் மண். ஆனால் கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் நார்வே அரசர் ஐந்தாம் ஹோக்கன், 1308இல். அன்றைக்கு நார்வேயின் தெற்கு எல்லை இதுதான். ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் இந்தப் பக்கத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றன. கோட்டைக்கு முன்பே, 1101இல், பக்கத்திலிருந்த பழைய ஊரான குங்கஹெல்லாவில் மூன்று நாட்டு அரசர்களும் கூடிச் சமாதானம் பேசியிருக்கிறார்கள். ஸ்வீடன் அரசர் தன் மகள் மார்கரேத்தாவை நார்வே அரசர் மாக்னுஸுக்குக் கட்டிக்கொடுத்தார். பெண் கொடுத்துப் பகை தீர்க்கிற வழக்கம் எந்த ஊரைத்தான் விட்டது!

இந்தக் கோட்டையைப் பதினான்கு தடவை முற்றுகையிட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அது விழவில்லை. 1566இல்தான் மிகவும் நெருங்கினார்கள். ஸ்வீடன் படை சிவப்புக் கோபுரத்தில் ஏறி உள்ளேயே வந்துவிட்டது. உள்ளிருந்தவர்கள் கோபுரத்தின் அடியில் வெடிமருந்தைக் குவித்து, கோபுரத்தையே வெடிக்க வைத்தார்கள். ஏறிய வீரர்கள் நூற்றுக்கணக்கில் அதோடு போனார்கள். கோபுரம் இருந்த மூலையில் நின்று கீழே பார்த்தேன். ஆறு அமைதியாக ஓடுகிறது, படகுகள் போகின்றன. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியவில்லை, பேத்திதான் கையைப் பிடித்து இழுத்தாள்.

இவ்வளவு பேர் உயிரைக் கொடுத்துக் காத்த கோட்டை 1658இல் ஒரு குண்டுகூட வெடிக்காமல் கைமாறியது. ரோஸ்கில்டே என்ற இடத்தில் செய்த உடன்படிக்கையில், டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட அரசர் இந்த மாகாணத்தையே ஸ்வீடனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். அதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. இருபது வருடம் கழித்து, 1678இல், யில்டன்லோவெ என்ற தளபதி நார்வேயிலிருந்து பெரும்படையோடு அதை மீட்க வந்தார். இப்போது சுவருக்கு உள்ளே ஸ்வீடன்காரர்கள், ஆயிரம் பேர்கூட இல்லை. வாரக்கணக்கில் பீரங்கி முழங்கியும் அவர்கள் பணியவில்லை. நார்வே கட்டிய சுவரை நார்வேயாலேயே உடைக்க முடியவில்லை!

இதில் நமக்கும் ஒரு ஒட்டு உண்டு. போஹூஸ் டென்மார்க்-நார்வே கையில் இருந்த காலத்தில் அரசராக இருந்தவர் நான்காம் கிறிஸ்தியான். அவர் ஆட்சியில்தான் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாம் எத்தனை மாலை அந்த மதில் ஓரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்! ஒரே அரசரின் கொடி ஒரே சமயத்தில் இந்தக் குளிர்ந்த ஆற்றங்கரையிலும் அந்த உப்புக் காற்றிலும் பறந்திருக்கிறது. தரங்கம்பாடியும் கடைசியில் 1845இல் கிரயப் பத்திரத்தில்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

போஹூஸை இன்றைக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் இடிபாடு. பீரங்கியால் இப்படி ஆகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காரணம் வேறு: எல்லை வடக்கே நகர்ந்துபோன பிறகு கோட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசே இடிக்கத் தொடங்கி, பணம் தீர்ந்ததும் பாதியில் விட்டுவிட்டது. மிச்சத்தை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள், வீட்டுக்கும் அடித்தளத்துக்கும் கல் எடுத்துப்போனார்கள். சுவரை ஒட்டி நடந்தால் இது கண்ணுக்குத் தெரிகிறது. செதுக்கிய முகப்புக் கல்லைப் பெயர்த்த இடங்களில் உள்ளே அடைத்த கரடுமுரடான கற்களும் சுண்ணாம்பும் பிதுங்கி நிற்கின்றன, அதன்மேல் பாசி. கல் எடுத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போர் ஓய்ந்த ஊரில் ஒருவன் பிள்ளை குட்டிக்கு வீடு கட்டத்தானே எடுத்தான்! உருண்டையான பெரிய கோபுரம் ஒன்று மட்டும் ஓங்கி நிற்கிறது, ‘அப்பாவின் தொப்பி’ என்று அதற்குச் செல்லப் பெயர்.

அதைவிட மனதை அழுத்தியது ஒரு சிறை அறை. தோமாஸ் லியோபோல்ட் என்பவர், திருச்சபை ஏற்காத சமய நம்பிக்கைக்காக நாற்பத்திரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அதில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இங்கே. தன் நம்பிக்கையை விடவே இல்லை, 1771இல் சிறையிலேயே செத்துப்போனார். அங்கே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பதினான்கு முற்றுகைகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இந்த மனிதரின் முற்றுகை அதையெல்லாம்விடக் கடுமையானது என்றே நினைக்கிறேன்.

கீழே ஊர் அழகு. மேற்குத் தெரு என்று ஒரு நீண்ட தெரு, இரு பக்கமும் பழைய மரவீடுகள், வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை, வெள்ளை. ஒவ்வொரு ஜன்னல் விளிம்பிலும் ஒரு சின்ன விளக்கும் பூந்தொட்டியும். சந்தைச் சதுக்கத்தில் 1679இல் கட்டிய மரத் தேவாலயம், சிலுவை வடிவில் இருக்கிறது. வெளியே எளிமை. உள்ளே அண்ணாந்தால் கூரை முழுக்க ஓவியம். பேத்தி பெஞ்சில் மல்லாந்து படுத்துத்தான் பார்த்தாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு ஃபொன்தீன் என்ற குன்றில் ஏறினோம். அங்கிருந்து ஊர், ஆறு, கோட்டை மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. நீ வந்தால் கோட்டைக்கு முன்னால் இந்தக் குன்றுக்குத்தான் அழைத்துப்போவேன். எதற்காக இந்தப் பாறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மேலிருந்து பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

டான்ஸ்போர்க்கைச் செப்பனிட்ட சமயத்தில், பழசைப் புதுசாக்கலாமா கூடாதா என்று நீயும் நானும் நாள் முழுக்க வாதாடினோமே. அன்றைக்கு நான் புதுசாக்கலாம் என்ற கட்சி. போஹூஸில் மேலும் விழாமல் தாங்கிப்பிடித்திருக்கிறார்கள், காணாமல் போனதைத் திரும்பக் கட்டிவிடவில்லை. இப்போது எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. நீ இன்னும் உன் பழைய கட்சியில்தான் இருக்கிறாயா? விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்