என்ன உருவம்னு கேட்டேல்லா

ஏட்டி, நல்லாருக்கியா? ஒம் மகளுக்கு காலேஜ் சீட் கெடச்சதுல அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், யார்ட்டயாவது அல்வா குடுத்து விடணும்னு நிக்கா. போன வாரம் என்னோட புது கோரை நெசவு போட்டோவ பாத்துட்டு "இது என்னட்டி உருவம், ஒண்ணும் புடிபடலயே"ன்னு கேட்டேல்லா, அப்ப பஸ்ல நின்னுட்டு இருந்தேன், சரியா பேச முடியல, அதான் ஒக்காந்து எழுதுதேன்.

ஒனக்கு தெரியும்லா, பத்து வருஷமா மேக்ரமேங்குத கயித்து வேலைல மயிலு, பிள்ளையார், நெல்லையப்பர் கோயில் கோபுரம்னு முடிச்சு போட்டு வித்துட்டு இருந்தேன். நல்லாத்தான் போச்சு. ஆனா கயிறு ஒரு பக்கம் சாயும், நான் மயில் கழுத்து வரணுமேன்னு அத புடிச்சு புடிச்சு இன்னொரு பக்கம் வளைப்பேன், ராத்திரி படுத்தா அதே நெனப்பா இருக்கும்.

அப்பதான் பத்தமடைல ஒரு மாமி வீட்டுக்கு போனேன். நாம படுத்து எந்திரிச்ச பாய்தான், ஆனா கோரைய கிட்ட ஒக்காந்து பாத்ததே இல்லட்டி. ஆத்தங்கரைல அறுத்து, காயவச்சு, நாள்கணக்கா தண்ணில ஊறப்போட்டு, உப்புனதும் எடுத்து திரும்ப காயவச்சு, அப்புறம் கீறுதாவ. மாமி ஒத்தக் கோரைய பெருவிரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல புடிச்சு கத்திய வச்சு இழுத்தாவ, தலைமயிர் மாதிரி பிரிஞ்சு வந்துச்சு. தறில நீளவாக்குல கட்டுன நூல் பாவுக்குள்ள அத குறுக்க ஊடையா கோத்து, நெருக்கிவிடுத அச்ச இழுத்து ஒரு அடி. ஒரு இழைக்கு ஒரு அடி, அவ்ளோதான், ஆனா பட்டு மாதிரி மெல்லிசா இருக்க நல்ல பட்டுப்பாய் முடிய மாசக்கணக்கா ஆவும். அன்னைக்கு தறில கெடந்தது சாயம் போடாத கோரை. ஒரு இழை வெளுப்பு, அடுத்தது பழுப்பு, லேசா பச்சை நிக்கது ஒண்ணு, அதுபாட்டுக்கு வரி வரியா ஓடுது. யாரும் வரையல.

வீட்டுக்கு வந்து தேடித்தேடி படிச்சேன். நம்ம நாட்டு மிருணாளினி முகர்ஜி, 1949ல பொறந்து 2015ல போய்ட்டாவ, சணல் கயித்துல முடிச்சு போட்டே ஆள் ஒசரத்துக்கு மேல சிற்பம் செஞ்சிருக்காவ, முன்னாடி படம் வரைஞ்சு வச்சுக்கிட மாட்டாவளாம், முடிச்சு போகப்போக உருவம் வருமாம். ஜெர்மனில ஆனி ஆல்பர்ஸ்னு ஒருத்தி, 1922ல பவுஹவுஸ்ங்குத கலைப் பள்ளிக்கூடத்துல சேந்தா, பொம்பளப்புள்ளைன்னு தறிப் பக்கம் தள்ளிவிட்டாங்க, அவ அந்த நூலயே கோடும் கட்டமுமா ஆக்கி 1949ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல தனியா கண்காட்சி வச்சா. படிச்சுட்டு அன்னைக்கு தூங்கலட்டி.

இப்ப நான் மயிலு செய்யல. நீ பாத்ததுல கீழ கீறாத முழுக்கோரை, மேல போகப்போக ரெண்டா கீறுனது, நாலா கீறுனது, உச்சில மாமி கீறிக் குடுத்த மயிரிழை. தடிமன் மாற மாற பாவு இழுத்து ஓரம் நெளிஞ்சு போச்சு, அவுத்துட்டு நேராக்கலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன், கோரை அப்டித்தான் நிக்கும்னு விட்டுட்டேன். ஆறான்னு கேட்டா ஆறு இல்ல, வயலும் இல்ல, கோரைதான். வீட்ல இன்னும் "சாமி படம் போட்டா விக்கும்லா"ங்காவ. விக்கும். ஆனா எனக்கு இதுதான் வேணும், வேற எதுலயும் கை நிக்க மாட்டேங்கு.

போட்டோல தெரியாதுட்டி. நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறு, காலைல ஜங்ஷன்ல நிப்பேன். கண்ண மூடிட்டு கீழ இருந்து மேல கைய ஓட்டிப் பாரு, அப்புறம் என்ன உருவம்னு நீயே சொல்லு.

ஒன் சேக்காளி