பீச் கன்று வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். எனக்கே பதினான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு மொட்டை மாடித் தொட்டியில் பீச் கன்று, தண்டில் நம் நர்சரிச் சீட்டு. கீழே, "குன்னூரில் ஒட்டுக்கன்று என்று சொல்லி, கொட்டை போட்டு முளைத்ததைத் தலையில் கட்டிவிட்டார்கள். நாலு வருஷமாக ஒரு பூ இல்லை" என்று எழுதியிருக்கிறது.

பூக்கவில்லை என்றதில் எனக்கும் வருத்தம்தான். ஒட்டே போடவில்லை என்றதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்தப் படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு முழங்கை மாதிரி லேசாக வளைந்திருக்கும். அதுதான் ஒட்டு, அதாவது கொட்டையில் முளைத்த அடிச்செடியில் வேறு ரகத்தின் குச்சியைச் சேர்த்த இடம். அதற்கு மேலே விரல் நீளத்துக்குக் கருகிய குச்சி ஒன்று நிற்கிறது. நாங்கள் ஒட்டிய ரகம் அது, காய்ந்துவிட்டது. படத்தில் தளதளவென்று நிற்பதெல்லாம் ஒட்டுக்குக் கீழே அடிச்செடியிலிருந்து கிளம்பிய துளிர். அப்படித் துளிர்த்தால் உடனே கிள்ளிவிடச் சொல்லி ஒவ்வொரு பில்லின் பின்பக்கமும் அச்சடித்திருக்கிறோம். பில்லின் பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான்.

கொட்டை போடுகிறோம், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் அடிச்செடி கொட்டையிலிருந்துதான் வருகிறது. அந்தக் கொட்டையும் குளிர் படாமல் முளைக்காது. ஈர மணலில் புதைத்து இரண்டு மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் வைக்கிறோம். காய்கறி வைக்க இடமில்லை என்று வீட்டில் வருஷா வருஷம் சண்டை. செடி பென்சில் பருமனுக்கு வந்ததும், மரங்கள் இலை உதிர்த்து நிற்கிற டிசம்பர், ஜனவரியில் அடிச்செடியையும் ரகக் குச்சியையும் சாய்வாகச் சீவி, பட்டைக்கு அடியிலிருக்கும் பச்சைக் கோடு இரண்டும் ஒரு பக்கமாவது நேராகச் சேரும்படி வைத்து, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுகிறோம். கோடு கொஞ்சம் விலகினாலும் ஒட்டு பிடிக்காது. அப்பா காலத்திலிருந்து இதே வேலை. இதைத்தான் "கொட்டை போட்டது" என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெறும் கொட்டைக் கன்றாகவே இருந்தாலும் தோதான இடத்தில் மூன்று நாலு வருஷத்தில் காய்த்துவிடும். பழம் தாயைப் போலவே இருக்குமா என்பதுதான் கேள்வி. ஆகவே பூக்காததை வைத்து ஒட்டில்லை என்று சொல்ல முடியாது.

சரி, பிறகு ஏன் பூக்கவில்லை? குளிர் போதவில்லை. பீச் மரம் முந்தைய கோடையிலேயே மொட்டைக் கட்டிவிட்டு உறங்கப் போகும். 7.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இத்தனை மணி நேரம் கழிந்தது என்று கணக்குத் தீர்ந்தால்தான் எழுந்திருக்கும். எல்பெர்ட்டா என்ற பழைய அமெரிக்க ரகத்துக்கு ஏறக்குறைய 800 மணி நேரம் வேண்டும். புளோரிடா பல்கலைக்கழகத்தார் பல வருஷம் கலப்பினச் சேர்க்கை செய்து அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1982இல் வெளிவந்த புளோர்டாபிரின்சுக்கு 150 போதும். நம் மலையில் பேர் பெற்ற புளோர்டாசனும் அந்தக் குடும்பம்தான்.

வேளாண்மை படிக்கிற என் மகள் சொன்னது: மெக்சிகோவில் உறங்கவே தெரியாத ஒரு பீச் மரம் கிடைத்ததாம். குளிர் வந்தாலும் நுனி வளர்ந்துகொண்டே போய்ப் பனியில் கருகும். 2008இல் ஆராய்ந்து பார்த்தால், வரிசையாக இருக்க வேண்டிய ஆறு மரபணுக்கள் இருக்கிற பகுதியில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. மற்ற மரங்களில் அந்த வரிசை மரபணுக்கள்தான் மொட்டைத் தூங்க வைக்கின்றனவாம். குளிர் சேரச் சேர அவற்றில் சில அடங்க, மொட்டு கண் விழிக்கிறது. கோயம்புத்தூர் மொட்டை மாடியில் அவை அடங்க வழியில்லை. 150 மணி நேரம் இருக்கட்டும், ஒரு மணி நேரம்கூட அங்கே அந்தக் குளிர் கிடைக்காது. மருந்து அடித்து எழுப்பலாமே என்று கேட்கிறார்கள். பாதிக்கு மேல் குளிர் வாங்கிய மரத்துக்குத்தான் அது உதவும். அடிக்கிறவருக்கும் ஆபத்தான மருந்து.

அப்படியானால் கோயம்புத்தூர்காரருக்கு ஏன் விற்றாய் என்பீர்கள். மே மாதம் சிம்ஸ் பூங்காப் பழக்கண்காட்சி பார்த்துவிட்டு நேராக வந்து, பிள்ளை ஆசைப்படுகிறான் என்று நிற்பவர்களிடம் "உங்கள் ஊரில் வராது" என்று சொல்ல எல்லா நேரமும் வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். இனி ஊர் கேட்டுவிட்டுத்தான் பில் போடுவோம். பிளம்ஸ் காய்க்கவில்லை என்பவர்கள் துணைக்கு வேறு ரகத்தில் ஒரு மரம் வையுங்கள். பீச் போல எல்லாப் பிளம்சும் தனி மரமாகக் காய்த்துவிடாது.

முப்பத்தொரு வருஷம் நமக்கு ஒட்டுப் போட்ட பெரியவர், முழங்கால் முடியாமல் போன வருஷம் மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதுப் பையன்கள் பழகிவருகிறார்கள். இந்த ஜனவரியிலிருந்து கன்று 240 ரூபாய். அப்புறம், போன பருவத்து நீலச் சீட்டுக் கன்றுகள் சிலவற்றில் சீட்டு மாறியிருக்கலாம். பேர் மாறுவது பீச்சுக்குப் புதிதில்லை: அது சீனத்து மரம். அதற்கே தாவரவியலில் பாரசீகத்தின் பேர்தான்.

படம் வந்த அன்றே போன் செய்து "நாங்கள் நம்பவில்லை" என்று சொன்ன கோத்தகிரி, ஊட்டி, கேத்தி வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் மரத்துப் பழத்தைக் கூடையில் கொண்டுவந்து கல்லாவில் வைத்தவர்களும் இருக்கிறீர்கள். அந்தக் கூடை இன்னும் இங்கேதான் இருக்கிறது, வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் போட்டவரும் வரட்டும். டிசம்பர் கடைசியில் ஒட்டுப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். டீ நம்முடையது.

இப்படிக்கு,
நர்சரி உரிமையாளர், குன்னூர்