பச்சை கேட்கும்போது எந்தப் பச்சை என்றும் சொல்லுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஐப்பசி முதல் நம் கடையில் ஒரு சின்ன மாற்றம். போனிலோ வாட்ஸ்அப்பிலோ பச்சைப் பட்டுக்கு ஆர்டர் சொன்னால், புடவையை உடனே அனுப்ப மாட்டோம். முதலில் அந்தப் புடவையின் நூலில் ஒரு விரல் நீளத் துண்டு உங்களுக்குத் தபாலில் வரும். அதைப் பார்த்து நீங்கள் சரி என்ற பிறகுதான் புடவை கிளம்பும். அரக்குக்கும் மாம்பழக் கலருக்கும் இது கிடையாது, பச்சைக்கு மட்டும்தான். ஏன் இப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கடையில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இந்த மடல்.

போன ஆவணியில் நடந்தது இது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக அம்மாவுக்குப் பச்சைப் பட்டு கேட்டார். அம்மா இருப்பது கும்பகோணம் பக்கத்துக் கிராமம். எந்த மாதிரிப் பச்சை என்று போனில் விசாரித்தபோது, "நாத்தங்கால் பச்சை" என்றார் அந்த அம்மா. நாங்கள் காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள். இலைப்பச்சையைத்தான் அவர் வாயில் அப்படிச் சொல்கிறார் என்று நாங்களாகவே முடிவுகட்டி, அரக்குக் கரை போட்ட இலைப்பச்சை ஒன்றை அனுப்பிவிட்டோம். நெசவில் ஒரு குறை சொல்ல முடியாத புடவை. அந்த அம்மா கோபப்படவே இல்லை. "புடவை நல்லாத்தான் இருக்கு தம்பி, நான் கேட்டது இது இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் என்னைத் தூங்கவிடவில்லை. மாற்றித் தருவதற்கு நானே நேரில் போனேன்.

அவர் என்னை வீட்டுக்குள் உட்காரவைக்காமல் நேராகக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார். சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். விதைத்து இருபது நாள் இருக்கும். சாயங்கால வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாற்றுக்குள்ளும் வெளிச்சம் புகுந்து வெளியே வருவது போல ஒரு நிறம். பச்சைதான், ஆனால் பாதிக்கு மேல் மஞ்சள். "எங்க அப்பா விடியக்காலையில இந்த வரப்புலதான் வந்து நிப்பாரு. நாத்து தேறிடுச்சுன்னா அன்னிக்கு வீடே சிரிக்கும்" என்றார். அவர் கேட்டது அந்த நாளைத்தான். அதை நான் இலைப்பச்சை என்று ஒரு அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். ஊருக்கு வந்ததும் நம் சாயக்காரரிடம் சொன்னேன். மூன்று தடவை போட்டுப் பார்த்து நாலாவதில்தான் அந்த நிறம் வந்தது.

அதற்குப் பிறகு பச்சையைப் பற்றி நிறைய யோசித்தேன். நம் மொழியில் பச்சை என்பது நிறத்தின் பெயர் மட்டும் இல்லை. பச்சைத் தண்ணீர் பச்சையாகவா இருக்கிறது? பச்சரிசியும் பச்சைக் கற்பூரமும் வெள்ளை வெளேர் என்றுதான் இருக்கின்றன. காய்ச்சாதது, அவிக்காதது, இன்னும் ஈரம் போகாதது எல்லாமே நமக்குப் பச்சை. பிள்ளை பெற்ற பெண்ணைப் பச்சை உடம்புக்காரி என்று பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறோம். அவள் மடியில் கிடப்பது பச்சைக் குழந்தை. வளைகாப்புக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் அடுக்குகிற வீடுகளில், அந்தக் கைக்கு ஏற்ற பச்சைப் புடவை தேடி வரும்போது எனக்கு இந்தச் சொற்கள்தான் ஞாபகம் வருகின்றன.

ஆனால் பச்சை என்றாலே மகிழ்ச்சி என்றும் சொல்லிவிட முடியாது. பழைய பாட்டுகளில் தலைவன் பிரிந்து போனால் தலைவியின் உடம்பில் ஒரு வெளிறிய நிறம் படரும். அதற்குப் பசலை என்று பெயர், பசப்பு என்றும் சொல்வார்கள். திருக்குறளின் 119-ஆம் அதிகாரம் முழுக்க அதைப் பற்றித்தான். அணைத்துக்கொண்டு படுத்திருந்தவள் கொஞ்சம் விலகினாளாம், அவ்வளவுதான், அள்ளிக்கொள்கிற அளவுக்குப் பசப்பு வந்துவிட்டதாம். பயிர் செழித்தால் பசுமை, பெண் ஏங்கினால் பசலை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சொல். வெளிறிய பிஸ்தாப் பச்சையைப் பார்த்து ஒருவர் "என்ன குளிர்ச்சி!" என்பதும், பக்கத்தில் நிற்பவர் "சோகை பிடிச்ச மாதிரி இருக்கு" என்பதும் நம் கடையில் தினமும் கேட்கிற பேச்சு. இரண்டு பேரையும் நான் மறுத்துப் பேசுவதில்லை.

அப்புறம் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த வம்பு. ராமர் பச்சை என்று நாங்கள் சொல்லும் நிறத்தைப் பாட்டி பச்சை என்பார், பேத்தி நீலம் என்பாள். ஒரே புடவையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் வாதாடிய குடும்பங்கள் உண்டு. பெருமாளையே ஒரு பாட்டில் பச்சை, இன்னொன்றில் நீலம், மற்றொன்றில் கருமை என்று பாடியவர்கள்தானே நம் முன்னோர். எங்கள் ஊரில் பவளவண்ணர் கோயிலுக்கு எதிரில் பச்சைவண்ணர் என்ற பெயரிலேயே ஒரு பெருமாள் இருக்கிறார். திருச்செந்தூரில் திருவிழாவின்போது சண்முகர் சிவப்பு சாத்தி வந்தால் சிவன், வெள்ளை சாத்தி வந்தால் பிரம்மா, பச்சை சாத்தி வந்தால் திருமால். மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு வைகையில் இறங்கும் அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கண் விழித்துக் காத்திருக்கும். பச்சை என்றால் அந்த வருடம் மழை பெய்யும், வெள்ளாமை செழிக்கும் என்று நம்பிக்கை. தர்காவில் போர்த்துவதற்குப் பச்சைப் பட்டு கேட்டு வருகிறவர்களும் நமக்கு உண்டு. அவர்கள் கேட்கும் பச்சை வேறு, ஆழமானது, மஞ்சள் வாடையே இருக்கக்கூடாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உடன்பிறந்தவளுக்கு அண்ணன் தம்பிகள் பச்சைப் புடவை எடுத்துத் தராவிட்டால் ஆகாது என்று ஒரு சமயம் ஊரெங்கும் பேச்சு கிளம்பியது. அப்படிப்பட்ட பயத்தை வைத்து நாங்கள் ஒரு புடவைகூட விற்க மாட்டோம். கடன் வாங்கிக்கொண்டு யாரும் வந்தால், வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவோம். அக்கா தங்கைக்கு ஆசையாக எடுத்துத் தருகிறீர்களா, வாருங்கள், நாள் முழுக்கக் காட்டுகிறோம்.

சரி, சாயத்துக்கு வருவோம். உலகத்தில் எங்கு பார்த்தாலும் இலை பச்சைதான், ஆனால் இலையில் இருக்கும் அந்தப் பச்சையம் துணியில் நிற்காது. அதனால் அந்தக் காலத்தில் நூலை முதலில் அவுரியில் முக்கி நீலமாக்கி, அதன் மேல் மஞ்சளை ஏற்றிப் பச்சை எடுத்தார்கள். நாளாக ஆக இதில் முதலில் வெளுத்துப் போவது மஞ்சள்தான். ஐரோப்பாவில் சுவரில் மாட்டிய பழைய நெசவுத் திரைகளில் மரங்களெல்லாம் இன்று நீலமாக நிற்பது இதனால்தான். 1775-இல் ஷீலே என்ற வேதியியலாளர் செம்பும் ஆர்சனிக்கும் சேர்த்துப் பளிச்சென்ற பச்சை ஒன்றைக் கண்டுபிடித்தார். 1814 வாக்கில் அதைவிடப் பளிச்சென்ற இன்னொன்று வந்தது. சுவர்க் காகிதத்திலும் கவுனிலும் காகிதப் பூவிலும் அதைப் பூசித் தள்ளினார்கள். அந்தப் பூ செய்த ஏழைப் பெண்கள் நோயில் விழுந்து, உயிரும் போனது. "பச்சைச் சாயத்தில் விஷம் இருக்குமாமே" என்று கேட்பவர்கள் காதுக்கு வந்து சேர்வது அந்தப் பழைய கதைதான். இன்றைக்குப் பட்டுக்குப் போடும் சாயங்கள் வேறு. அந்த ஆர்சனிக் பச்சை எப்போதோ ஒழிந்துவிட்டது.

இன்றைக்கும் பெரும்பாலான பச்சை நீலமும் மஞ்சளும் கலந்துதான் வருகிறது. இரண்டும் எந்த அளவு என்பதில்தான் சாயக்காரரின் கை தெரியும். கிளிப்பச்சையில் மஞ்சள் தூக்கல், பாட்டில் பச்சையில் நீலமும் கருமையும். பாசிப்பச்சையில் துளி பழுப்பு தட்ட வேண்டும். மயில் கழுத்து சாயத்தில் வருவது இல்லை, பாவு என்கிற நீளவாட்டு நூல் ஒரு நிறம், ஊடு என்கிற குறுக்கு நூல் ஒரு நிறம் என்று தறியில் பிறப்பது. மாந்தளிர் என்று கேட்டுவிட்டுப் பச்சையை எதிர்பார்க்காதீர்கள். மாமரத்துத் தளிர் செம்பு நிறத்தில்தான் விடும், புடவையும் அப்படித்தான் இருக்கும்.

இப்படிக் கலந்த நிறத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் மாறினால் தானும் மாறும். கடையின் விளக்கில் ஒன்றுபோல் இருந்த இரண்டு பச்சை, வாசலுக்கு வந்ததும் வேறு வேறாகிவிடும். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மற்ற எந்த நிறத்தையும் விடப் பச்சையின் பக்கம்தான் கூர்மையாக இருக்கிறது. போன் கேமராவின் சென்சாரிலும் பாதிப் புள்ளிகள் பச்சைக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனாலும் அந்த போன் வெளிச்சத்தைத் தானாகவே சரிசெய்கிறேன் என்று நிறத்தை நகர்த்திவிடுகிறது. பிறகு உங்கள் திரை அதைக் கொஞ்சம் நகர்த்தும். கும்பகோணத்து அம்மாவின் நாற்றங்கால் அந்த வழியில் வந்து சேரவே முடியாது.

அதனால் நூல் துண்டு வந்ததும் டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை பத்து மணிக்கு மேல் வாசலில், நேர் வெயில் படாத நிழலில் வைத்துப் பாருங்கள். பிறகு மண்டபத்தில் கட்டப்போகிற புடவை என்றால் ராத்திரி விளக்கிலும் ஒரு தடவை. கரை நூலும் கூடவே வைத்திருப்போம், இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு துண்டு அனுப்புகிறோம், எத்தனை தடவை ஆனாலும். நூலுக்கும் தபாலுக்கும் காசு கிடையாது. கல்யாணத்துக்கு என்றால் மட்டும் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், புதிதாகச் சாயம் போட வேண்டிவந்தால் தறிக்கும் நாள் வேண்டும்.

ஆர்டர் சொல்லும்போது கலர் பெயர் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். யாருக்கு, என்ன விசேஷத்துக்கு என்று சொல்லுங்கள். அகத்திக்கீரை மாதிரி, மழைக்கு அப்புறம் குளத்தங்கரை மாதிரி, அம்மாவின் பழைய தாவணி மாதிரி என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள். அந்தத் தாவணியில் கிழிந்த துண்டு ஒன்று கையில் இருந்தாலும் போதும், கவரில் போட்டு அனுப்புங்கள். பார்த்துவிட்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் பட்டுக்கடை,
காஞ்சிபுரம்.