மோக்ஸா புகை: ஊழியர்களின் நுரையீரலையும் நினைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனப் பாரம்பரிய மருத்துவம் பற்றிய உங்கள் கட்டுரையில், மூலிகைக் குச்சியைப் பற்றவைத்து உடலுக்குச் சூடு காட்டும் மோக்ஸா சிகிச்சையின் பலன்களை விரிவாக எழுதியிருந்தீர்கள். அதன் புகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூட்டுவலிக்காக அந்தச் சிகிச்சைக்குப் போய்வருபவள் நான். சூடு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறை முழுக்கப் புகை.

மாசிபத்திரி இனத்துச் செடியின் காய்ந்த இலையை இடித்து, தாளில் குச்சியாகச் சுற்றிப் பற்றவைத்து, தோலுக்கு அருகே பிடிக்கிறார்கள். 'மூலிகைப் புகைதானே, நல்லதுதான்' என்று பலரும் சொல்கிறார்கள். எந்த இலை எரிந்தாலும் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரத்தான் செய்யும்.

அதற்காக மிரளவும் வேண்டாம். இந்தப் புகையின் வாயுக்களை அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கமான பயன்பாட்டில் உடனடிக் கவலை இல்லை என்றது. ஆனால் மோசமான சூழலில் கார்பன் மோனாக்சைடு பாதுகாப்பு வரம்பைத் தாண்டக்கூடும் என்றும் அதுவே சொன்னது. ஆக, அறையில் காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பல சிறிய சீன மருந்தகங்களில் ஏர்கான் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஏர்கான் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது. நான் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவேன். குச்சியைப் பிடித்திருக்கும் பெண் அடுத்த படுக்கைக்குப் போகிறார், அப்புறம் அதற்கடுத்தது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர் அவர்தான். புகைமூட்டக் காலத்தில் பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவைப் பார்த்துச் சன்னலைச் சாத்துகிற ஊர் இது. இந்த அறைகளுக்குள் யார் அளக்கிறார்கள்?

கர்ப்பிணிகளும் வருகிறார்கள். குழந்தையின் தலை கீழ்நோக்கித் திரும்பாமல் இருந்தால் கால் சுண்டுவிரல் ஓரத்தில் மோக்ஸா காட்டுவது பழைய வழக்கம். சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் 260 பெண்களிடம் சோதித்து 1998இல் ஆய்வே வெளிவந்திருக்கிறது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் புகை நிறைந்த அறையில் படுப்பது சரியல்ல. 'புகையில்லா' மோக்ஸா என்று விற்கும் கரிக்குச்சியும் முழுத் தீர்வு ஆகாது. கண்ணுக்குப் புகை குறையும். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும்.

படுக்கைக்கு மேலேயே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டும். சிகிச்சைக்கு முன் மூச்சுக்கோளாறு உண்டா என்று கேட்க வேண்டும். ஊழியர்களுக்கு என்95 முகக்கவசம் தரலாம். ஆனால் அது துகளைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல. சீன மருத்துவர்களைப் பதிவுசெய்யும் வாரியம் காற்றோட்டத்தைக் கண்டிப்பாக வலியுறுத்த வேண்டும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அங்கே வேலை செய்பவர்களிடமும் பேசி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்